இடது காதுக்கு வேறு வழி

என் வலது காதை மைக்ராஸ்கோப் பார்த்தது,
ஒன்பது வருஷத்துக்கு முன்.
இடது காதை எண்டோஸ்கோப்,
போன மார்ச்சில்.
இரண்டையும் திறந்தவர் ஒருவரே,
போர்ட்டோவில், டாக்டர் லியோனோர் வலதாரெஸ்.
நடுவில் அவருக்கு முடி நரைத்தது,
எனக்குத் துவார்த்தே பிறந்தான்.
வயிற்றில் அவன் வளர வளர
இடது பக்கம் உலகம் ஓரடி ஓரடியாய்ப் பின்வாங்கிற்று.

அரிசிக் குறுணை அளவு எலும்பு,
குதிரை ஏறுபவன் கால்வைக்கும் அங்கவடி வடிவில்.
அது ஆட வேண்டுமாம்.
என்னுடையது ஆடவில்லை,
சிமெண்டில் நட்டதுபோல் நின்றுவிட்டது.

ஆனால் லமாஸ் தக்கை ஆலையில் நான் ராணி.
ஓக் மரப்பட்டையைக் குத்திக் குத்தி
மெஷின்கள் புட்டித் தக்கை துப்பும் கூடத்தில்
எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.
மெஷினின் உறுமலில் பாதி என்னுள் நுழையாது.
அவர்கள் கத்தல் மட்டும் நுழையும்.
குஸ்தோதியாவின் கடன், மேஸ்திரியின் இரண்டாவது வீடு,
யாருக்கு எத்தனை மாதம் தள்ளிப்போயிருக்கிறது,
எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும்.
வீட்டு அமைதியில்தான்
நான் செவிடு.

முதல் முறை
கிரேன் மாதிரி ஒன்று என் தலைமேல் குனிந்தது.
டாக்டர் தன் இரு கண்ணையும் அதற்குக் கொடுத்து
இரு கையையும் எனக்குக் கொடுத்தார்.
நேர்கோட்டில் மட்டுமே பார்க்கத் தெரிந்த கண் அது,
மூலையில் இருப்பதைக் காண மூலையையே செதுக்க வேண்டும்.
செதுக்கியதை விழித்தபடி கேட்டேன்,
பல்லுக்குள் சுண்ணாம்பு சுரண்டுவதுபோல.
வழியில் கிடந்த சுவை நரம்பை
ஒதுக்கும்போது கொஞ்சம் இழுத்துவிட்டார்.
நான்கு மாதம் என் காபியில்
கதவுச் சாவியின் ருசி.

இரண்டாம் முறை
பேனா ரீஃபில் தடிமனில் ஒரு கம்பி,
நுனியில் விளக்கும் கண்ணும்.
உள்ளே போய்க் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற கண்.
எலும்பை அதிகம் தொடவில்லை.
ஆனால் ஒரு கை கம்பிக்கே போய்விடுகிறது,
மிச்சம் ஒரு கைதான் எனக்கு.
சொட்டு ரத்தம் கசிந்தாலும்
கம்பியை வெளியே எடு, துடை, மறுபடி போ.
திரையில் எல்லாம் தட்டை, ஆழம் தெரியாது என்றார்,
ஆழத்தை விரல்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

திரையை எல்லோரும் பார்த்தார்கள் அன்று.
"ஐயோ, என்ன அழகு!" என்றாள் நர்ஸ் கிராசா.
எது அழகு என்று கேட்டேன்.
நான் விழித்திருப்பதையே மறந்திருந்தாள் போல.
"உள்ளே முத்துச்சிப்பி மாதிரி இருக்கிறது, தெயோலிந்தா."
நாற்பத்தொரு வயதில்
என்னை அழகென்று சொல்லக் கேட்டது அங்கேதான்,
பாதிக் காதில்.

அரை மில்லிமீட்டர் துளை. ஒரு பிஸ்டன். கொக்கியை இறுக்கினார்.
சட்டென்று
கிராசாவின் ரப்பர் செருப்பு
தரையில் ஒட்டிப் பிரிந்தது,
ஒட்டிப் பிரிந்தது.

கோடைக்குள் எடுத்த வரைபடத்தில் இரண்டு கோடுகளும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன.
எது உசத்தி என்றேன்.
"உன் காதுக்கு வித்தியாசம் தெரியாது.
எனக்குத் தெரியும்.
அதில் கழுத்து வலி, இதில் மணிக்கட்டு வலி."
சொல்லிவிட்டு மணிக்கட்டை நீவிக்கொண்டார்.

வீட்டில் துவார்த்தே கேட்கிறான்,
"ஏன் கத்துகிறாய் அம்மா?"
முன்பு என் குரல் என் மண்டைக்குள்ளேயே முழங்கும்,
அதனால் மெதுவாகப் பேசுவேன்.
இப்போது அது வெளியே எங்கோ, யாருடையதோ போல.

ஆலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை
மெஷின் முழுசாக உள்ளே வந்தது.
குஸ்தோதியாவின் வாய் அசைந்தது.
"என்ன?" என்றேன்.
மறுபடி அசைந்தது.
"என்ன?"
அந்தக் கூடத்தில் என் வாயிலிருந்து
அந்தச் சொல் வந்ததே இல்லை.
சிரித்தாள், சட்டைப்பையைத் துழாவி
மஞ்சள் நுரைத் தக்கை இரண்டு எடுத்து நீட்டினாள்,
காதை அடைத்துக்கொள்ள.

மேஸ்திரியைப் பற்றி ஏதோ சொன்னாள் என்று நினைக்கிறேன்.
சாப்பாட்டு மணிக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.